பழைய சினிமா போஸ்டர்: துணி ஒட்டுவதா, அப்படியே வைப்பதா?

பழைய போஸ்டர் ஒன்று கைக்கு வந்ததும் இரண்டு வழிகள் இருக்கின்றன. கழுவி, அமிலம் நீக்கி, பின்பக்கம் துணி ஒட்டி, உதிர்ந்த இடங்களில் வண்ணம் தொட்டு எடுப்பது ஒன்று. மடிப்பும் கறையும் கிழிசலும் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று விட்டு, இனிமேல் கெடாமல் மட்டும் பார்த்துக்கொள்வது இன்னொன்று. என் சேகரிப்பில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தேன். சென்னையில் இருக்கிற எவருக்கும் அதையே சொல்வேன். காரணம் ரசனை அல்ல, இந்த ஊரின் காற்று.

மூன்றாவதாகத் தெருமுனைக் கடையில் சூட்டு லேமினேஷன் போடுவது ஒன்று உண்டு. அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். பிளாஸ்டிக் உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. ஃபிரேம் கடைகளில் மரவேலைக்கான வெள்ளைப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டித் தருவதும் அதே ரகம்தான். அட்டையின் அமிலம் தாளுக்கு ஏறும், பசையோ தண்ணீரில் லேசில் இளகாது.

பார்வைக்கு எது அழகு என்றால் துணி ஒட்டியதுதான், அதில் விவாதமே இல்லை. மடிப்புக் கோடு அமுங்கிவிடும், வண்ணம் தெளியும், அப்படியே ஃபிரேமுக்குப் போகும். செலவும் அதற்கேற்பத்தான். விற்பனையைப் பொறுத்தவரை, வெளிநாட்டு ஏலங்களில் முறையாகத் துணி ஒட்டிய போஸ்டரைக் குறையாக எண்ணுவதில்லை. தமிழ்ப் பட போஸ்டர்களுக்கு அப்படி ஒரு நிலையான சந்தை வழக்கு உருவாகிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு நான் விற்பனைகளைப் பார்த்ததில்லை. ஆனால் விவரம் தெரிந்த வாங்குபவர் கேட்கிற முதல் கேள்வி "பின்பக்கம் காட்டுங்கள்" என்பதுதான். நம் ஊரில் வெற்றிப் படங்கள் திரும்பத் திரும்பத் திரைக்கு வந்தவை. ஒவ்வொரு முறையும் புது போஸ்டர் அடித்திருப்பார்கள். முதல் வெளியீட்டுத் தாளா, மறுவெளியீடா, நேற்று அடித்த நகலா என்பதைத் தாளின் முதுகு பாதி சொல்லிவிடும்: மை ஊறிய விதம், மடிப்பில் படிந்த அழுக்கு, சென்னை மீரான் சாகிப் தெருவின் பட விநியோக அலுவலகம் ஒன்றின் ரப்பர் ஸ்டாம்ப், பென்சிலில் கிறுக்கிய ஊர்ப்பெயர். துணி ஒட்டினால் அத்தனையும் மறைந்துபோகும்.

இனி முக்கியமான விஷயம், பராமரிப்பு. துணி ஒட்டும் முறை உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பருத்தி அல்லது லினன் கேன்வாஸைப் பலகையில் இறுக்கிக் கட்டுவார்கள். அதன்மேல் அமிலமற்ற மெல்லிய ஜப்பானியத் தாள், அதற்கு மேல் போஸ்டர். இவற்றைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் கோதுமை ஸ்டார்ச் பசை. தண்ணீரில் இளகும் என்பது அதன் பெரிய நல்ல குணம். பின்னாளில் வேண்டாமென்றால் பிரித்துவிடலாம். குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

சென்னையில் அந்தப் பசை ஒரு விருந்து. இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் ஸ்டார்ச் என்றால் உயிர். முப்பதுக்கு நாற்பது அங்குல போஸ்டரின் முதுகு முழுக்க அதைப் பூசி வைத்தால், தாளைத் தொடாத பூச்சியும் வந்து பசையைத் தேடித் தாளைச் சுரண்டும். பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். பூச்சி வராது, உண்மை. ஆனால் அதிலுள்ள செம்பு தாள் ஆக்சிகரணம் அடைவதை வேகப்படுத்தும், தாள் பழுப்பேறி நொறுங்கும். வேலை செய்பவர் மயில்துத்தம் கலக்கிறாரா என்று கேட்காமல் போஸ்டரைக் கொடுக்கக் கூடாது.

பூச்சியைவிடப் பெரிய சிக்கல் ஈரப்பதம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இங்கே 80 சதவீதத்தைத் தாண்டும் நாட்கள் சர்வசாதாரணம். தாளும் துணியும் அந்த ஈரத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தாள் ஈரத்தை வாங்கி விரியும். இறுக்கமாக நெய்த துணியில் நூல் பருத்து, மொத்தத்தில் சுருங்கப் பார்க்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டு எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும்போது மேற்பரப்பு அலையலையாகும், ஓரம் பசை விடும், மடிப்பில் தொட்ட வண்ணம் வெடிக்கும். இரவில் மட்டும் ஏசி ஓடும் அறையில் இது தினமும் நடக்கிறது. இரவெல்லாம் 50 சதவீதத்தில் கிடந்தது விடிந்ததும் 80-க்கு ஏறும். ஏசியே இல்லாத, காற்றோட்டமான அறைகூட இதைவிட மேல். இந்த ஊர்ப் பருவத்தில் துணி ஒட்டியது இருபது ஆண்டு எப்படி நிற்கும் என்பதற்கு என்னிடம் நேரடிச் சான்று குறைவு. இழுவை உண்டாகும் விதம் தெரிந்ததால் அந்தச் சோதனைக்கு நல்ல போஸ்டரைக் கொடுக்க மனம் வரவில்லை.

அப்படியே வைப்பது என்றால் சும்மா போட்டுவைப்பது அல்ல. அதிலும் வேலை இருக்கிறது, செய்யும் முறையும் இருக்கிறது.

முதலில் மடிப்பைத் திறப்பது. பல ஆண்டு மடித்தே கிடந்த தாளை, கத்திரி வெயிலிலோ ஏசி அறையிலோ விரித்தால் மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் கட்டாயம் உடையும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த பிளாட்டிங் பேப்பர், அதற்கு மேல் உயர்த்தி வைத்த நைலான் வலை, வலைமேல் போஸ்டர். தண்ணீர் தாளைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் போதும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தாள் தளரும். மழைக்கால நாளானால் தொட்டியே தேவைப்படாது. விரித்ததும் உலர்ந்த பிளாட்டிங் பேப்பர்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடியும் எடையும் வைத்து, முதல் நாள் பேப்பரை இரண்டு முறை மாற்றி, மூன்று நாள் விட வேண்டும். இதற்கு முன் ஒவ்வொரு வண்ணத்தையும் ஓரத்தில் பஞ்சுக் குச்சியால் சோதித்தாக வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சில் நிறம் ஏறினால் ஈரவேலை எதுவும் வேண்டாம். அச்சு மை பெரும்பாலும் எண்ணெய் சார்ந்தது, தாங்கும். ஸ்டாம்ப் மையும் கையால் தீட்டிய சிவப்பு, ஊதாக்களும்தான் ஓடும்.

தூசி தட்ட ஆட்டுமுடி பிரஷ். கிழிசலுக்கு செலோ டேப் ஒருபோதும் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். டேப் பட்டை தானே உதிர்ந்துவிடும், கறை போகாது. பத்து ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்குப் பத்து கிராம்) அளவிலான ஜப்பானிய டிஷ்யூவைக் கத்தரிக்காமல், ஈரக்கோடு இழுத்துக் கையால் கிழித்து, பின்பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும். கிழித்த ஓரத்து நார்கள்தான் பிடிமானம் தருகின்றன. பசைக்கு மெதில் செல்லுலோஸ் 4 சதவீதக் கரைசல்: 100 மில்லி தண்ணீருக்கு 4 கிராம், ஓர் இரவு ஊறினால் போதும். ஸ்டார்ச்சைவிடப் பிடிப்பு குறைவுதான், ஆனால் பூச்சிக்கு அது தீனி அல்ல.

போஸ்டரின் கீழ்ப்பகுதியில் தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சடித்த துண்டுத்தாள் ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். எந்த ஊர், எந்த அரங்கு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கழுவும் தொட்டியில் முதலில் பிரிந்து போவது அதுதான். ஓரத்தில் உள்ள அச்சகப் பெயரும் அப்படியே. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும் என்றதால் அது அங்கே வந்தது. ஃபிரேமுக்காக ஓரத்தை வெட்டுகிறவர்கள் போஸ்டரின் பிறப்புச் சான்றையே வெட்டுகிறார்கள்.

உறைக்கு 75 முதல் 100 மைக்ரான் வரையிலான, பூச்சு எதுவும் இல்லாத தெளிந்த பாலியஸ்டர் ஷீட். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் தாள் வாங்கப் போகும்போது "கண்ணாடி ஷீட்" என்று மட்டும் கேட்டால் பி.வி.சி. கைக்கு வர வாய்ப்பு உண்டு. அது காலப்போக்கில் அமிலம் கக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஷீட்டின் துணுக்கைத் தொட்டு, மீண்டும் தீயில் காட்டினால் பச்சைச் சுடர் வருகிறதா பாருங்கள். வந்தால் குளோரின் இருக்கிறது, பி.வி.சி. என்று பொருள். புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கையால் தீட்டிய, வண்ணம் உதிர்கிற போஸ்டருக்கு மட்டும் பாலியஸ்டர் ஆகாது. அதன் நிலைமின் ஈர்ப்பு வண்ணத் துகளைப் பிடுங்கிவிடும். அதற்கு அமிலமற்ற தாள் உறைதான்.

நான்கு பக்கமும் ஒட்டி மூடுவது பலர் செய்யும் பிழை. அமிலம் நீக்காத பழைய தாளை முழுக்க மூடினால், அதிலிருந்து வெளிவரும் அமில ஆவி உள்ளேயே சுற்றி, வெளியே கிடந்ததைவிட வேகமாகத் தாளைத் தின்னும். அடுத்தடுத்த இரண்டு பக்கம் மட்டும் மூடி, மற்ற இரண்டையும் திறந்துவிட்டு, பின்னால் கால்சியம் கார்பனேட் கலந்த காரத்தாள் ஒன்று வையுங்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தாளை மாற்றினால் போதும்.

அடுக்க இடம், பெயின்டைச் சூட்டில் இறுகவைத்த ஸ்டீல் டிராயர். பிளைவுட் அலமாரி பசை ஆவி விடும், கரையானையும் அழைக்கும். பரண் கூடாது, வெயில் அறையும் மேற்குச் சுவர் ஓரமும் கூடாது. தரைத்தளத்தில் கீழ் டிராயர் இடுப்புயரத்துக்கு மேலே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. டிராயருக்கு கால் கிலோ சிலிக்கா ஜெல், ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் ரகம். பச்சையானதும் 120 டிகிரியில் மூன்று மணி நேரம் காயவைத்தால் மீண்டும் வேலை செய்யும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று உள்ளேயே இருக்கட்டும். அந்துருண்டை வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து தாளைத் தொடாத மூலையில் வைக்கலாம்.

துணியே ஒட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாள் தன் எடையையே தாங்காமல் துண்டுதுண்டாக வருகிறது, சுவரிலிருந்து உரித்து மைதாப் பசை முதுகெல்லாம் காய்ந்து கிடக்கிறது, பல தாள்களைச் சேர்த்து ஒன்றாக்கும் பெரிய சுவர் போஸ்டரைக் காட்சிக்கு வைத்தாக வேண்டும் என்ற நிலைகளில் அதுதான் சரியான மருந்து. அப்போது வேலை கொடுக்குமுன் இரண்டு பக்கத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். ஸ்டார்ச்சோடு மெதில் செல்லுலோஸ் பாதிக்குப் பாதி கலக்கச் சொல்லுங்கள். நடுவே ஜப்பானியத் தாள் கட்டாயம் என்று சொல்லுங்கள். சுற்றிலும் இரண்டு அங்குலத் துணி வெளியே நிற்கட்டும். வண்ணம் தொடுவது ஓட்டைகளில் நிரப்பிய புதுத் தாளின் மேல் மட்டும், பழைய அச்சின்மேல் ஒரு துளியும் கூடாது என்பதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.