சம்பூருக்கு எது பொருந்தும்: கல்வீடா, உருக்கு வீடா?

2006இல் போரால் இடம்பெயர்ந்த, இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் கிடந்து, 2015இல் காணிகள் விடுவிக்கப்படத் தொடங்கிய பிறகே ஊர் திரும்பினார்கள். அவர்களைப் போன்றோருக்கு வீடு கட்ட இரண்டு வழிகள் பேசப்பட்டன.

ஒன்று, இந்திய வீட்டுத்திட்டத்தின் முறை. குடும்பத்துக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். அத்திவாரம் போட்டுக் காட்டினால் அடுத்த தவணை வந்தது. மேசனைப் பிடிப்பதும் சீமெந்து வாங்குவதும் வீட்டுக்காரர் பொறுப்பு.

மற்றது, 2016இல் அரசாங்கம் முன்வைத்த 65,000 உருக்கு வீடுகள். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒன்றுக்கு அன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அந்தக் காசுக்குக் குறைந்தது இரண்டு கல்வீடுகள் எழும்பியிருக்கும்!

நான் கல்வீட்டின் பக்கம்தான். கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. மேலும், மகளுக்கு வீட்டையே சீதனமாகக் கொடுக்கும் ஊர்கள் இவை. பின்னால் ஓர் அறை, பக்கத்தில் ஒரு குசினி என்று கூட்டிக் கட்ட உள்ளூர் மேசனுக்குத் தெரிந்த சுவர் வேண்டும்.

காசு கொடுக்கும் முறையிலும் குறை உண்டு. தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் சீமெந்து விலை ஏறினால் நகையை அடகு வைக்க நேர்கிறது. அவர்களுக்கு முதல் தவணையைக் கூட்டிக் கொடுத்து, கட்டுமானத்தைப் பார்க்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரையும் அனுப்ப வேண்டும்.