மூடிய கதவு இல்லாத வீட்டுக்கு எந்த ஆன்லைன் தெரபி?

ஆன்லைன் தெரபி, அதாவது இணையம் வழி மனநல ஆலோசனை, என்று தேடினால் வந்து விழும் பட்டியல்கள் எல்லாம் கட்டணம், ஆப்பின் வசதி, எத்தனை தெரபிஸ்ட்கள் என்றே அளந்துகொண்டிருக்கும். படுத்த படுக்கையான ஒருவரையோ, ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் குழந்தையையோ பார்த்துக்கொள்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அவருக்கு இரண்டே கேள்விதான். பேசும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? பாதியில் கூப்பிட்டால் எழுந்து போக முடியுமா?

நேரில் போவதற்கு மிக நெருக்கமானது வீடியோ. முகம் தெரியும், கண் கலங்குவது தெரியும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்காரவேண்டிய பிரச்சினை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு வயதிலிருந்து ஏழு வயதுவரை உள்ள, அடம் கைமீறிப் போன குழந்தைகளின் பெற்றோருக்கு இதில் ஒரு தனி லாபமும் உண்டு. பி.சி.ஐ.டி. (பெற்றோர்-குழந்தை உறவாடல் சிகிச்சை) என்ற பயிற்சியில், அம்மாவோ அப்பாவோ காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு குழந்தையோடு விளையாடுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் தெரபிஸ்ட் 'இப்போது அதைக் கண்டுகொள்ளாதீர்கள், பொம்மையை எடுத்து வைத்தானே, அதைப் பாராட்டுங்கள்' என்று அந்த நொடியிலேயே காதில் சொல்வார். இதை இணையம் வழியாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள், பலன் இருந்திருக்கிறது. கிளினிக் அறையில் சமர்த்தாக இருக்கும் பிள்ளை, வீட்டுக் கூடத்தில்தானே ஆட்டம் போடும்!

ஆனால் வீடியோவுக்கு ஒரு அறை வேண்டும். ஐம்பது நிமிடம் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். அடுத்த அறையில் மறதி நோயோடு இருக்கும் மாமனாருக்கு நீங்கள் சொல்வது பாதி கேட்கும், பாதி புரியும். அந்தப் பாதிப் புரிதல்தான் ஆபத்து. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கிசுகிசுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலையில் யார் மனதைத் திறந்து பேச முடியும்?

அதனால்தான் வெறும் போன் அழைப்பை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம் என்கிறேன். மனச்சோர்வு உள்ள 325 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஒரே சிகிச்சை, பாதிப் பேருக்குப் போனில், மீதிப் பேருக்கு நேரில். நேரில் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நடுவில் விட்டுவிட்டார். போனில் ஐந்தில் ஒருவர்தான். சிகிச்சை முடிந்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நேரில் போனவர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வாராவாரம் விடாமல் தொடர முடிவது, பார்த்துக்கொள்பவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. மாடிக்குப் போய்ப் பேசலாம், தெருவில் நடந்துகொண்டே பேசலாம். பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு என் ஓட்டு போனுக்குத்தான். சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வீடியோ.

மெசேஜ் வழித் தெரபியை விற்பவர்கள் 'எப்போது வேண்டுமானாலும் எழுதலாம்' என்பார்கள். உண்மைதான், ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் எழுதலாம். பதில் மறுநாள் மதியம் வரும், அப்போது உங்கள் மனநிலையே வேறாக இருக்கும். நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருப்பீர்கள், அவர் மூன்று வரியில் முடித்திருப்பார். அதோடு, வீட்டில் எல்லோரும் எடுக்கும் போனில் அந்த எழுத்து கிடக்கும். வெளியே போகும் ஆபத்தும் உண்டு: பயனர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக எழுந்த புகாரில், பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. எந்த ஆப்பிலும் சேரும் முன் விளம்பர அனுமதிக் கட்டங்களில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், தானாகப் படித்துப் பயிற்சி செய்யும் பாடத்திட்டங்கள். மறதி நோயாளிகளைக் கவனிப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த 'ஐசப்போர்ட்' இந்த வகை. நோயைப் புரிந்துகொள்வதில் தொடங்கி, நடத்தை மாற்றங்களைச் சமாளிப்பது வரை ஐந்து பகுதிகள். அதில் ஒரு பகுதி முழுக்கக் கவனிப்பவரின் சொந்த நலனைப் பற்றியது. யார் எப்போது கூப்பிட்டாலும் மூடிவைத்துவிட்டு எழுந்து போகலாம், அதுதான் இதன் பலம். மூடியது மூடியபடியே கிடக்கும், அது இதன் பலவீனம். வாரம் ஒரு முறையாவது யாராவது ஒருவர் 'எதுவரை வந்தீர்கள்?' என்று கேட்கும் ஏற்பாடு இருக்கிற பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மனச்சோர்வு கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்களுக்கு, துணையோடு செய்யும் பயிற்சி தனியாகச் செய்வதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த சங்கதி.

கவனிப்பவர்கள் ஆன்லைனில் கூடிப் பேசும் குழுக்கள் தெரபி இல்லை. ஆனாலும் தெரபியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும். 'சில நாள், இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று தோன்றுகிறது' என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார். ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து 'எனக்கும்' என்பார்கள். எவ்வளவு படித்த தெரபிஸ்ட்டாலும் அந்த 'எனக்கும்' என்பதைச் சொல்ல முடியாது. நடத்துபவர் என்று ஒருவர் இல்லாத குழு மட்டும் வேண்டாம். அங்கே மருந்தின் அளவைக்கூட ஆளாளுக்கு மாற்றச் சொல்வார்கள்.

மனிதரைப் போலப் பதில் சொல்லும் கணினி நிரல்களான சாட்பாட்களைப் பற்றிச் சுருக்கமாக: 1966இலேயே எலைசா என்ற நிரலிடம் மனிதர்கள் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள், ஆகவே பேசத் தோன்றுவதில் அதிசயம் இல்லை. புலம்ப உதவும். சிகிச்சை என்று நம்பி அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த வழியானாலும், எதிரே இருப்பவர் கவனிப்பவர்களின் வாழ்க்கையைத் தெரிந்தவரா என்பதுதான் பட்டத்தைவிட முக்கியம். மறதி நோயாளிகளைக் கவனிக்கும் குடும்பத்தினருக்காக லண்டனில் 'ஸ்டார்ட்' என்ற எட்டு அமர்வுத் திட்டத்தை நடத்தியவர்கள் மூத்த நிபுணர்கள் இல்லை; நிபுணரின் மேற்பார்வையில் வேலை செய்த உளவியல் பட்டதாரிகள். நேரில் நடந்த திட்டம்தான் என்றாலும் பாடம் பொது. அதில் சேர்ந்தவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, இரண்டு ஆண்டு கழித்தும் பலன் நின்றது. ஆகவே முதல் அமர்வில் உங்கள் தெரபிஸ்ட் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லித்தருகிறாரா, 'உங்களுக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கடைசியாக எப்போது முழுசாகத் தூங்கினீர்கள்?' என்றும் கேட்கிறாரா என்று பாருங்கள். பாரமே அதிகமாக இருக்கும்போது, எண்ணத்தை மட்டும் திருத்திப் பயனில்லை.

குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடுவோமோ என்று தோன்றினால் இந்த ஒப்பீடே வேண்டாம். குழந்தையைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் யாரையாவது கூப்பிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்துக்கும், பிரசவத்துக்குப் பின் இல்லாத குரல்கள் கேட்பதற்கும் உடனே மருத்துவமனைதான். ஒழுங்கான ஆன்லைன் தெரபிஸ்ட் இதற்கெல்லாம் முன்கூட்டியே தயாராக இருப்பார். இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்யலாம் என்று முதல் அழைப்பிலேயே கேட்காதவரிடம் இரண்டாவது அழைப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.