சீன மெழுகு மரமா, நாட்டு பாதாமா, புங்கனா? வடசென்னை மண்ணுக்கு எது சரி

இலையெல்லாம் சிவப்பும் ஊதாவுமாக மாறி நிற்கும் சீன மெழுகு மரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, இதை நம்ம தெருவில் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வடசென்னையில் வேண்டாம். இலை சிவக்க வேண்டுமா, நாட்டு பாதாம் இருக்கிறது. விதையில் எண்ணெய் வேண்டுமா, புங்கனும் இலுப்பையும் இருக்கின்றன.

அதற்காகச் சீன மெழுகு மரம் மட்டமான மரம் இல்லை. ட்ரையாடிகா செபிஃபெரா என்பது அறிவியல் பெயர். ஆமணக்குக் குடும்பம், கிளையை ஒடித்தால் பால் வடியும், அந்தப் பால் நஞ்சு. இலை சின்ன அரச இலை போல நுனி நீண்டு இருக்கும். காய் மூன்று பிரிவாக இருந்து, முற்றியதும் கறுத்து ஓடு கழன்று விழுந்துவிடும். உள்ளே இருக்கும் மூன்று வெள்ளை விதைகள் மட்டும் காம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அமெரிக்காவில் இதைப் பாப்கார்ன் மரம் என்பார்கள். அந்த வெள்ளைதான் மெழுகு, அதாவது கெட்டியான கொழுப்பு. சீனாவில் நெடுங்காலமாக விதையை ஆவியில் வேகவைத்து இதைப் பிரித்தெடுத்து மெழுகுவத்தியும் சோப்பும் செய்தார்கள். உள்பருப்பில் வருவது வேறு எண்ணெய், காற்றுப்பட்டால் காய்ந்து இறுகும், பெயின்ட்டுக்கும் வார்னிஷுக்கும் ஆகும். ஒரே விதையில் இரண்டு விதமான சரக்கு! பூவில் தேனும் ஏராளம், தேனீ வளர்க்கிறவர்களுக்கு இது பிடித்த மரம்.

பிறகு ஏன் வேண்டாம்? 1772ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதன் விதையை அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு அனுப்பினார். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையே சோப்புத் தொழிலுக்காக மெக்சிகோ வளைகுடாக் கரையில் இதை நடச் சொன்னது. இன்று அதே கரையில், டெக்சஸ், லூசியானா சதுப்புகளிலும் புல்வெளிகளிலும் மற்ற செடிகளை அமுக்கிவிட்டுப் பரவிக் கிடக்கிறது. டெக்சஸில் விற்கவே தடை. வளர்ந்த மரம் ஆண்டுக்கு 1 லட்சம் விதை வரை தரும், பறவை தின்று பரப்பும், தண்ணீரும் அடித்துக்கொண்டு போகும், உப்பு மண்ணும் தேங்கிய தண்ணீரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதைப் படிக்கும்போதே எண்ணூர் கழிமுகமும் கொசஸ்தலையாற்றுக் கரையும் நினைவுக்கு வருகிறதா? சீமைக் கருவேலத்தோடு நாம் படுகிற பாடு போதும். தெருவில் வைக்கிற மரம் தெருவோடு நிற்காது.

இன்னொன்று, அந்த நிறத்துக்கு நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வர வேண்டும். டேராடூன், காங்க்ரா பக்கம் இது இருக்கிறது, அங்கே குளிர் உண்டு. நமக்கு மார்கழியிலேயே 20 டிகிரிதான்.

நாட்டு பாதாமுக்குக் குளிரே தேவையில்லை. வறட்சி தொட்டால் போதும், கையகலத்துக்கும் பெரிய இலை மஞ்சளாகி, நரம்பைச் சுற்றிச் செம்பாகி, கடைசியில் முழுச் சிவப்பாக உதிரும். கடற்கரை மரம், உப்புக் காற்றில் பழகியது, அதனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எங்கேயும் வரும். காயைக் கல்லில் உடைத்துப் பருப்பைத் தின்னாத பிள்ளை அந்தப் பக்கம் இருக்காது. உதிர்ந்த இலைக்கும் மதிப்பு உண்டு: கொளத்தூர் வண்ண மீன்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், காய்ந்த பாதாம் இலை ஒன்றை ஃபைட்டர் மீன் தொட்டியில் போட்டால் துவர்ப்புச் சத்து இறங்கித் தண்ணீர் டீ நிறமாகும், மீன் தெம்பாக இருக்கும் என்பார்கள். தொல்லையும் உண்டு. ஐப்பசி மழைக்கு அந்த இலையெல்லாம் மழைநீர் வடிகால் வாயில் போய் அடைத்துக்கொள்ளும், வௌவால் தின்ற பழம் வாசலெல்லாம் கிடக்கும், கிளை அடுக்கடுக்காகப் பக்கவாட்டில் விரியும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாதிரி ஒடுக்கமான தெருவுக்கு ஒத்துவராது. பள்ளி மைதானம், கடற்கரை ஓரம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஒடுக்கமான தெருவுக்குப் புங்கன்தான். இலை சிவக்காது, ஆனால் பழைய இலை கொட்டிய சூட்டோடு பளபளவென்று இளம்பச்சையில் துளிர்க்கும், கோடை முழுக்க நிழல் தரும். இலையில் சிலந்திப்பேன் உண்டாக்கும் முடிச்சுகளைப் பார்த்துப் பயந்து மரத்தையே வெட்டுகிறார்கள், அது மரத்தைக் கொல்லாது. விதையின் எண்ணெய், விளக்கு எரிக்கவும் சோப்புக்கும் போகும், புண்ணாக்கு உரமாகும்.

மெழுகு மரத்தின் கெட்டிக் கொழுப்புக்கு நேரான போட்டி என்றால் இலுப்பைதான். அதன் எண்ணெய் லேசான குளிரிலேயே உறைந்துவிடும், கோவில் விளக்குக்கு எரித்த எண்ணெய் அது. ஆனால் மெதுவாக வளரும், பெரிய இடம் கேட்கும், எனவே கோவில் நந்தவனம், பூங்கா போன்ற இடங்களுக்கு மட்டும்.

வைப்பதென்றால் புங்கன் விதையை ஆடி, ஆவணியிலேயே நேராக மண்ணில் ஊன்றிவிடுங்கள், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். மாடு புங்கன் இலையை அவ்வளவாக விரும்பாது, அதனால் கூண்டு இல்லாவிட்டாலும் ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டால் போதும்.