‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்ற பலகையைப் பார்த்து உள்ளே போகிறவர்கள் கவனத்துக்கு

சனி, ஞாயிறில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பவும் வேண்டாம். இதே வேலையை இன்னும் சில கடைகளும் செய்கின்றன, ஒன்றின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை.

இங்கே சிங்கப்பூரில், கடைத்தொகுதி ஒன்றில் இருக்கும் ‘குடும்ப’ உணவகம். வாசலில் ஆளுயரப் பலகை. வார இறுதியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஸ்பெகெட்டித் தட்டும் ஆரஞ்சு ஜூஸும் படமாக இருக்கும். மகளுக்கு ஏழு வயது நிறைவு. நான், மனைவி, அம்மா, எங்கள் இரண்டு பிள்ளைகள், தங்கை மகன் என்று போனோம். முன்கூட்டியே தொலைபேசியில் மேசை சொல்லி வைத்தபோது, கேக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். “கொண்டாங்க சார், பிரச்சினையே இல்ல” என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

உட்கார்ந்ததும் ஆளுக்கொரு வெட் டிஷ்யூவும் ஒரு தட்டு கெரோப்போக்கும் (அப்பளம் போன்ற பொரித்த தின்பண்டம்) வந்தன. நாங்கள் கேட்கவில்லை. மெனு மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடில். நான் எடுத்தது 32 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள தட்டு, மனைவி 26 வெள்ளி, அம்மா சைவம் என்பதால் 22 வெள்ளிக்குக் காளான் பாஸ்தா. பிள்ளைகளுக்கு மூன்று ‘இலவச’ச் சாப்பாடு. உணவைக் குறை சொல்லமாட்டேன். சின்னவன் தட்டைக் காலி செய்தான், அவன் வீட்டில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பில் கேட்டோம். பில் வரவில்லை, தையல்கடை டேப்போடு ஒரு பையன் வந்தான். மலேசியத் தமிழ்ப் பையன், இருபது வயதுகூட இருக்காது. “அண்ணே, பாப்பா ஒயரம் பாக்கணும்ண்ணே” என்றான். எதற்கு என்றால், 120 சென்டிமீட்டருக்கு உள்ளே இருந்தால்தான் இலவசமாம். கல்லாவுக்குப் பின்னால், சாப்பிட வருகிறவர் கண்ணில் படாத சுவரில், ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டி அளவு போட்டிருக்கிறார்கள். பிறந்தநாள் கிரீடத்தைக் கழற்றிவிட்டு மகளை அங்கே நிறுத்தினான். காலணியோடு ஒரு விரற்கடை கூட. காலணியைக் கழற்றச் சொன்னேன். “சிஸ்டம்ல அடிச்சாச்சுண்ணே” என்றான். அளக்கும் முன்பே அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு நாளைக்கு எத்தனை அப்பாக்களிடம் இதற்காகத் திட்டு வாங்குகிறானோ.

பில்லில் தொகை 188 வெள்ளி 24 காசு. பிள்ளைகளுக்கு இலவசம் என்று நம்பிப் போனால் பெரியவர்களின் மூன்று தட்டு 80 வெள்ளி, சர்வீஸ் சார்ஜும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் 96 வெள்ளிக்குள் முடிந்திருக்க வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது?

மகளின் சாப்பாடு உயரத்தால் 14 வெள்ளி. தங்கை மகனுடையதும் 14 வெள்ளி, ஏனென்றால் பெரியவர் ஒருவர் 28 வெள்ளிக்குக் குறையாத தட்டு எடுத்தால்தான் பிள்ளை ஒருவருக்கு இலவசம். மனைவியின் தட்டு 26, அம்மாவுடையது 22. ஆக என் தட்டுக்கு ஈடாகச் சின்னவன் மட்டும் தப்பித்தான். இந்த நிபந்தனை கியூஆர் மெனுவில் இனிப்பு வகைகளையும் தாண்டிக் கீழே இழுத்துக்கொண்டே போனால், சாம்பல் எழுத்தில் இருக்கிறது. படத்தில் இருந்த ஜூஸ் சாப்பாட்டில் சேராதாம், மூன்றுக்கு 18 வெள்ளி. பெரியவர்களின் வெறும் தண்ணீர் தலைக்கு 1 வெள்ளி. வெட் டிஷ்யூ ஒன்று 60 காசு, ஆறு. கெரோப்போக் 4 வெள்ளி 40 காசு. இதற்கெல்லாம் மேலே ‘கேக் கட்டணம்’ 20 வெள்ளி. நாங்கள் வாங்கிக்கொண்டு போன கேக்கை, நாங்களே வெட்டி, நாங்களே பரிமாறிச் சாப்பிட்டதற்கு! அவர்கள் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் கத்தியும் ஆறு காகிதத் தட்டும்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். வெட் டிஷ்யூவைப் பிரிக்காமல் இருந்தால் திருப்பித் தரலாம் என்றார். மேசையில் ஒன்றும் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் கைப்பையைத் திறந்து நான்கு பாக்கெட்டை எடுத்து வரிசையாக வைத்தார். “பஸ்ல பிள்ளைகளுக்கு ஆகும்னு வச்சேன்பா” என்றார். அந்த நான்கையும் கழித்தார்கள். பில் 185 வெள்ளி 37 காசாக இறங்கியது. 2 வெள்ளி 87 காசு மிச்சம். கெரோப்போக்கைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள், அதற்கு நான் வாதாடவில்லை.

சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி பற்றிச் சிலர் கேட்பீர்கள். அதில் கடைமேல் எனக்குப் புகார் இல்லை. சர்வீஸ் சார்ஜ் வாங்கும் உணவகங்கள் ஜிஎஸ்டியைச் சேர்க்காமல் விலை போடலாம், ஆனால் அதைக் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜைப் போட்ட பிறகு, அந்தத் தொகைமேல்தான் ஜிஎஸ்டி. 2022 வரை 7 விழுக்காடாக இருந்தது 2023இல் 8 ஆகி, 2024 தொடக்கத்தில் 9 ஆனது. ஆகவே மெனுவில் 100 வெள்ளி என்றால் கையிலிருந்து போவது 119 வெள்ளி 90 காசு. சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்லை, கடை தனக்கு வாங்கிக்கொள்வது. உணவங்காடி நிலையத்தில் இந்தக் கணக்கே கிடையாது, பலகையில் இருப்பதுதான் விலை.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். அழைக்கும்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பில் போடும்போது நிபந்தனை பேசுவதில். தொகை பெரிதாக இருந்தால் ஊரே பேசும். 2009இல் நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் எட்டு இறாலுக்கு 239 வெள்ளி வாங்கிய கடையைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் மூன்று மாதம் மூடவைத்தது. 2023இல் ஜப்பானியச் சுற்றுப்பயணி ஒருவர் அலாஸ்கா நண்டுக்கு 938 வெள்ளி பில் வந்ததும் போலீசைக் கூப்பிட்டார். விலை 100 கிராமுக்கு என்று போட்டிருந்தது, நண்டு மூன்றரைக் கிலோ. (பிள்ளைகள் நண்டு கேட்டால் முதலில் எடை கேளுங்கள்.) நம் பில் அப்படிச் செய்தியில் வராது. இருபது வெள்ளிக்காகப் பிள்ளைகள் முன்னால் யார் சண்டை போடுவார்கள், அதுவும் பிறந்தநாள் அன்று? இந்தக் கடைகள் பிழைப்பதே அதில்தான்.

பணத்தைக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கடையின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். சத்தம் போட்டதைவிட அதுதான் வேலை செய்தது. பில்லையும் வாசல் பலகையையும் படம் பிடித்து வைத்திருந்தேன், மேசை சொல்லிவைத்த அழைப்பின் நேரமும் கைப்பேசியில் இருந்தது. நம்முடைய பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம் பொய் சொல்வதை மட்டும் குற்றம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு, அதனால் வாடிக்கையாளர் ஏமாற இடம் கொடுத்தாலும் அது நியாயமற்ற நடைமுறைதான். கேக் கட்டணத்துக்குச் சட்டத்தின் இந்த வாசகத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். பதில் வராவிட்டால் கேஸ் என்று நாம் சொல்லும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன், அதற்கும் அசையாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் என்று எழுதினேன். மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், தனிமனிதர் 5,000 வெள்ளி வரை கோருவதற்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, கடைக்கும் அதே விதிதான்.

முதலில் அடுத்த முறை பயன்படுத்தச் சொல்லி 20 வெள்ளிக்கு வவுச்சர் தர முன்வந்தார்கள். அடுத்த முறை போனால்தானே! வேண்டாம் என்றேன். பிறகு பணமாகவே பேநவ்வில் (கைப்பேசி வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வசதி) வந்தது. பிள்ளைகளின் 28 வெள்ளிக்கு, நிபந்தனை மெனுவில் இருக்கிறது என்று ஒரே பதில். அதைக் கேஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், சாம்பல் எழுத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் படத்தோடு.

இப்போதெல்லாம் மேசை சொல்லும் முன் என் மனைவிதான் பேசுகிறாள். வயதா உயரமா, எத்தனை வெள்ளித் தட்டுக்கு ஒரு பிள்ளை, குடிக்க என்ன சேரும், கேக்குக்கு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறாள். அனுப்பத் தயங்கும் கடைக்கு நாங்கள் போவதில்லை. உட்கார்ந்ததும் கேட்காமல் வரும் தட்டை அம்மாவே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

கேக் கட்டணமாகத் திரும்பி வந்தது 20 வெள்ளி மட்டும். அதன்மேல் வாங்கிய சர்வீஸ் சார்ஜும் ஜிஎஸ்டியும் 3 வெள்ளி 98 காசு. அதையும் கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், பதில் வந்தால் கருத்துப் பகுதியில் எழுதுகிறேன்.