நின்றா, படுத்தா, தொங்கியா? வீட்டுக்குள் விங்சூட் பறப்பு

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்கு மேலே 3 கிலோமீற்றர் உயரத்தில், கைகால்களுக்கு இடையே துணிச் சிறகு வைத்துத் தைத்த விங்சூட்டோடு குதிக்கிறோம் என்று வையுங்கள். பரசூட் விரிக்க ஒரு கிலோமீற்றரை மிச்சம் வைத்தாலும் காத்தான்குடி வரை மிதந்து போய்விடலாம். ஒரு மீற்றர் இறங்குவதற்குள் இரண்டரை மீற்றர் அளவு முன்னே கொண்டுபோகும் உடை அது. ஆனால் முதல் விங்சூட்டுக்கு முன் 200 தடவையாவது சாதாரணமாகக் குதித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் விதி. நமக்குக் கைக்கெட்டுவது, கண்ணை மறைத்துப் போட்டால் பறப்பதுபோலவே காட்டும் வீஆர் ஹெட்செட்தான். அதை எப்படிப் போட்டுப் பறப்பது என்பதில் எனக்கும் மச்சானுக்கும் இந்தக் கச்சான் காற்றுக் காலம் முழுக்க வாக்குவாதம்.

மச்சான் நின்றுகொண்டே பறப்பார். இடமும் வேண்டாம், ஆயத்தமும் வேண்டாம். ஆனால் மலைச்சரிவு கண்ணுக்கு முன்னால் சாயும்போது உடம்பும் கூடவே சாய்கிறது. "விழுகிறோம்" என்று கண் சொல்ல, "நிற்கிறோம்" என்று உள்காது சொல்கிறது. குமட்டலும் தள்ளாட்டமும் அந்தப் பிணக்கில்தான் வருகின்றன. இரண்டாம் நாளே அவருடைய முழங்கை அலுமாரிக் கண்ணாடியில் பட்டது. "கவனம் மனே, கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்காத" என்றார் அம்மம்மா. அவர் சொன்னதுதான் சரி. நின்று ஆடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கதிரையில் இருந்து ஆடினால் விழும் பயமாவது இல்லை. வயதானவர்களுக்கு அது போதும்.

என் தெரிவு வாங்கு, அதாவது பெஞ்ச். விறாந்தையில் கிடந்த பழைய மரவாங்கில் மெத்தை விரித்து, நெஞ்சுக்குக் கீழே தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். கை இரண்டும் வெளியே விரிந்து நிற்கும்; விங்சூட்டில் உடம்பு இருக்கும் கிடை அதுதான். தலைமாட்டில் பெடஸ்டல் ஃபேன். முகத்தில் காற்று அடித்ததும் வேகத்தை உடம்பு நம்பத் தொடங்குகிறது, எது முன்பக்கம் என்ற நிதானமும் தவறுவதில்லை. வியர்வையில் லென்ஸ் ஆவி படிந்து மங்குவதும் குறையும். குறை என்றால் கழுத்துதான். அரைக் கிலோ ஹெட்செட்டோடு தலையை நிமிர்த்திப் பிடித்தால் பத்து நிமிடத்தில் பிடரி வலிக்கும். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தினால் தாங்கலாம்.

மூன்றாவது வழி, ஓட்டு வீட்டுக் கூரையைத் தாங்கும் வளை மரத்தில் கயிறு கட்டித் தொங்குவது. மச்சானுக்கு அதில் பெரிய ஆசை. வேண்டவே வேண்டாம். வளை எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் கண் மறைத்துத் தொங்குவது, தவிர்க்க நினைத்த ஆபத்தையே வீட்டுக்குள் கொண்டுவருவது.

சூரிச் கலைப் பல்கலைக்கழகத்தில் உருவான 'பேர்ட்லி' இயந்திரமும் குப்புறப் படுக்கவைத்து முகத்துக்குக் காற்றடிப்பதுதான். ஆனால் அதில் கையைச் சிறகாக அடித்துப் பறவைபோலப் பறக்க வேண்டும், விங்சூட்டில் அடிப்பதில்லை. ஸ்டொக்ஹோமில் 2017இல் விங்சூட்டுக்கென்று சாய்வான காற்றுச் சுரங்கமே திறந்தார்கள். அங்கே உண்மை உடை, உண்மைக் காற்று. பறக்கப் பழக வேண்டுமென்றால் அப்படியான இடம்தான் வேண்டும். வாங்கில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் பரசூட் விரிக்கக் கை பழகாது.

அப்புறம் இரண்டு விஷயம். ஹெட்செட்டை முற்றத்து வெயிலில் லென்ஸ் மேலே பார்க்க வைக்காதீர்கள். வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து உள்ளே திரையைச் சுட்டுவிடும். பறந்து முடிந்ததும் தலைச்சுற்று அடங்கும்வரை மோட்டார் சைக்கிள் சாவியைத் தொடாதீர்கள்.