காசு கொடுத்து வாங்கும் அரத்தைப் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

மரப்பெட்டி, உள்ளே வெல்வெட் துணி, ஆறு அரம், மூடியில் தங்க எழுத்தில் "கன்ஸ்மித் செட், சுவிஸ் பேட்டர்ன்". சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு கடையிலும் அவர்களுடைய வாட்ஸ்அப்பிலும் 4,800 ரூபாய்க்கு ஓடுகிறது. வீட்டில் வைஸ் மாட்டி, ஓய்வு நேரத்தில் மாடல் இன்ஜின், பூட்டு, கடிகாரம் என்று எதையாவது ராவிக்கொண்டிருப்பவர்கள் இதற்குப் பணம் அனுப்பும் முன் படித்துவிடுங்கள்.

கன்ஸ்மித் என்றால் துப்பாக்கி செய்பவர், பெட்டியில் அப்படி இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். உரிமம் இல்லாமல் நிஜத் துப்பாக்கியைச் செய்யவோ விற்கவோ பழுதுபார்க்கவோ 1959 ஆயுதச் சட்டம் விடாது, அது வேறு கதை. ஆனால் துப்பாக்கி வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பில்லர் அரம் நமக்கும் தேவை. சாதாரணத் தட்டை அரத்தைவிட அகலம் குறைவு, தடிமன் அதிகம், பக்கவாட்டில் பல் கிடையாது. அந்தப் பல்லில்லாத ஓரத்தைத்தான் சேஃப் எட்ஜ் என்பார்கள். சதுர மூலையின் அடியை ராவும்போது பக்கத்துச் சுவரை அது தொடாது. ஸ்டீம் இன்ஜின் மாடலுக்கு ஒரு பிராக்கெட் செய்துகொண்டிருந்தேன், அதற்காகத்தான் தேடினேன்.

கடைக்காரரிடம் போனில் கேட்டபோது, "ஒரிஜினல் சுவிஸ் மால் சார், கட் 2" என்றார். இங்கேதான் முதல் தில்லுமுல்லு. சுவிஸ் பேட்டர்ன் என்பது பல் வெட்டும் வகை. 00 என்றால் முரட்டுப் பல், எண் ஏற ஏற நைஸ், 6 என்றால் கிட்டத்தட்ட பாலிஷ். அந்த வகையை எந்த ஊரிலும் வெட்டலாம், நல்லதாகவும் வெட்டலாம். பெட்டியில் அச்சடித்தது பேட்டர்ன், வாயால் சொன்னது நாடு. வாங்கியபின் வந்த பில்லில் இரண்டும் இல்லை, "டூல்ஸ் செட் - 1" என்று மட்டும்.

முதல் நாள் பித்தளையில் போட்டேன், பரவாயில்லை. புது அரத்தை முதலில் பித்தளைக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், கூர் கொஞ்சம் இறங்கியபின் இரும்புக்கு மாற்றலாம். பிறகு பிராக்கெட்டின் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) பட்டையில் வைத்துத் தள்ளினால் அரம் வழுக்குகிறது. அரப்பொடி விழவில்லை, கீச்சென்று சத்தம்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், பல் நுனியெல்லாம் வெள்ளைக் கோடாக மின்னியது. கூரான பல் நுனி வெளிச்சத்தைத் திருப்பாது, மழுங்கியதுதான் மின்னும். போதாததற்கு சேஃப் எட்ஜில் பிசிறு. பிராக்கெட்டின் உள்சுவர் முழுக்கக் கீறல். (நல்ல கம்பெனி அரத்திலும் இந்தப் பிசிறு சில சமயம் இருக்கும், சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். இதில் ஓரமே வளைந்திருந்தது.)

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் அவர் பல்லைப் பார்க்கவில்லை, பிடி மாட்டும் வால் பக்கம் பல் தொடங்கும் இடத்தைப் பார்த்தார். "இங்க பாருங்க தம்பி, ரெண்டு கோணத்துல பழைய கோடு தெரியுது. தேஞ்ச அரத்தை கிரைண்ட் பண்ணி, மறுபடி பல்லு வெட்டி, தோய்ச்சல் போட்டிருக்கான்." (தோய்ச்சல் என்றால் காய்ச்சி முக்கிக் கெட்டியாக்குவது.) தன்னுடைய பழைய அரத்தின் மூலையை என் அரத்தின் பல்மேல் வைத்து இழுத்தார். கடித்தது. நல்ல அரம் ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 60-க்கு மேல் நிற்கும், இன்னொரு அரம் அதன்மேல் வழுக்கத்தான் வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அரத்துக்கான எஃகில் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். செக்கச்சிவக்கக் காய்ச்சும்போது காற்று பட்டால் மேல்தோலின் கார்பன் எரிந்துபோகும். பல் நுனிதான் மிக மெல்லியது, முதலில் சாவதும் அதுதான். ஒழுங்கான தொழிற்சாலையில் பல்லுக்குப் பசை பூசியோ, உருக்கிய உப்புக் குளியலில் காய்ச்சியோ இதைத் தடுப்பார்கள். திறந்த உலையில் காய்ச்சி முக்கினால் உடம்பு கெட்டி, பல் மெத்து. கைக்குக் கனமாக, தட்டினால் கணீரென்று, பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். வேலைக்கு ஆகாது.

மறுவெட்டு அரம் என்று சொல்லிக் கால் விலைக்கு விற்றால் நானே முரட்டு வேலைக்கு வாங்குவேன். அதை வெல்வெட்டில் படுக்கவைத்து விற்பதுதான் மோசடி.

கடைக்காரருக்கு போட்டோ அனுப்பினேன். "ஸ்டெயின்லெஸ்ல போட்டிருப்பீங்க" என்றார். இல்லை என்றதும், "அரம் தேயற பொருள் சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார். வீடியோ அனுப்பியபின் பாதிப் பணம் தருவதாகவும், கூகுளில் போட்ட விமர்சனத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் பேரம். ஒப்புக்கொள்ளவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். அங்கே கேட்ட முதல் கேள்வியே பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். ஆகவே எந்தக் கடையானாலும் தயாரிப்பாளர் பெயர், நீளம், கட் எண் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் பெட்டியில் எந்த நாடு, யார் இறக்குமதி செய்தது, எம்.ஆர்.பி. எவ்வளவு என்று இருந்தே ஆக வேண்டும். என் பெட்டியில் ஒன்றும் இல்லை.

நேரில் வாங்கினால் ஒரு துண்டு எம்.எஸ். பட்டையைப் பையில் கொண்டுபோய், ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கக் கேளுங்கள். முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம். ஓரமாகக் கண்ணை வைத்து நீளவாட்டில் பாருங்கள்: நல்ல தட்டை அரத்தின் இரண்டு முகமும் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். ஒரு முகம் புடைத்து மறுமுகம் குழிந்திருந்தால் தோய்ச்சலில் கோணியது. கம்பெனி முத்திரை பாதி தேய்ந்திருந்தாலும் தொடாதீர்கள்.

பெட்டி செட்டே வேண்டாம் என்பது என் கட்சி. ஆறில் மூன்றைத்தான் எடுப்போம். இப்போது உள்ளூர்த் தயாரிப்பில் 10 அங்குல பாஸ்டர்ட் (முரட்டுப் பல்), 8 அங்குல செகண்ட் கட் (நடுத்தரம்), 6 அங்குல அரைவட்ட ஸ்மூத் (நைஸ்) என்று தனித்தனியாக வாங்கினேன். மூன்றும் சேர்ந்து அந்தப் பெட்டி விலையில் கால்வாசிகூட இல்லை. பில்லர் அரம் ஒன்றுக்கு மட்டும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

புகார் முடியாததால் கடைப் பெயரை எழுதவில்லை. இதே பெட்டி உங்களிடமும் இருந்தால், வால் பக்கத்தை நெருக்கமாகப் படமெடுத்து, பில்லோடு எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்க்கிறேன்.