போக்கிமான் அனிமே: 1200 எபிசோட்ல எதைப் பாக்கலாம், எதைத் தள்ளிவிடலாம்

சின்ன வயசுல அங்கங்க பாத்த போக்கிமான்ங்கிற ஜப்பான் கார்ட்டூன் சீரிஸை இப்ப மறுபடி முதல்ல இருந்து ஓட்டிட்டு இருக்கேன். மொத்தம் 1200 எபிசோடுக்கு மேல இருக்கு, ஒண்ணு விடாம பாக்கணும்னு உக்காந்தா வேற வேலையே ஆகாது.

1997 ஏப்ரல்ல ஜப்பான்ல டிவி டோக்கியோல ஆரம்பிச்சது. கதை தெரிஞ்சதுதான், போக்கிமான்னு சொல்ற சக்தி உள்ள பிராணிங்களைப் பிடிச்சு, வளத்து, சண்டைக்கு விடுற உலகம், அதுல ஆஷ்னு பத்து வயசுப் பையன், முதல் போக்கிமானை வாங்க வேண்டிய நாள்ல நல்லா தூங்கிட்டு லேட்டா போறான், அதுக்குள்ள மத்த மூணு போக்கிமானும் போயிடுச்சு, மிச்சம் இருந்தது சொல்பேச்சு கேக்காத பிகாச்சு. ஜப்பான்ல அவன் பேரு சடோஷி, மூல வீடியோ கேமை உருவாக்குன சடோஷி தஜிரி பேரையே வெச்சுட்டாங்க.

ட்ராயிங் பழசுதான், அனிமேஷனும் சுமார்தான், ஆனா 11வது எபிசோட்ல மழையில ஒரு பாறை மேல சார்மாண்டர்னு ஒரு போக்கிமான் காத்துட்டு இருக்கும் பாருங்க, விட்டுட்டுப் போனவன் திரும்பி வருவான்னு நம்பி, வாலுல இருக்குற நெருப்பு அணைஞ்சா உயிரே போயிடும், அப்பவும் இடத்தை விட்டு நகராது. அதே சார்மாண்டர் ஆஷ் கிட்ட வந்து, வளந்து சாரிசார்ட் ஆகி அவன் பேச்சையே மதிக்காம, லீக்னு சொல்ற பெரிய போட்டியில மேட்ச் நடுவுல ஹாயா படுத்துக்கும், பையன் அதனாலயே தோப்பான். குழந்தைங்க ஷோல ஹீரோவை இப்படி அசிங்கமா தோக்கடிக்க ஒரு தைரியம் வேணும். எனக்கு இந்த சீரிஸ்ல புடிச்சதே இதான், பையன் தோத்துட்டே இருப்பான், கூட இருந்தது பிரிஞ்சு போயிட்டே இருக்கும். 21வது எபிசோட்ல ஆஷ் தன்னோட பட்டாம்பூச்சி போக்கிமான் பட்டர்ஃப்ரீயை ஜோடியோட அனுப்பி வெக்கிற சீன்ல நான் இந்த வயசுலயும் கண்ணைத் தொடச்சேன், வெளிய சொல்லாதீங்க.

ஃபில்லர், அதாவது மெயின் கதையை நகத்தாத எபிசோடுங்க, அதுதான் பெரிய தலைவலி. ஒரு ஊரு, ஒரு புது போக்கிமான், டீம் ராக்கெட்னு ஒரு திருட்டு கும்பல் வந்து திருடும், பிகாச்சு ஒரு ஷாக் குடுக்கும், மூணும் வானத்துல பறக்கும். இதையே எத்தனை தடவை பாக்குறது? ஆனா அந்தக் கும்பல்ல இருக்குற ஜெஸ்ஸி, ஜேம்ஸ், மியாவ்த் அடிக்கிற லூட்டி இல்லன்னா பாதி எபிசோட் பாக்கவே முடியாது, அதையும் சொல்லணும்.

1997 டிசம்பர்ல ஒரு எபிசோட்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமா மின்னி, 600க்கு மேல பசங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, ஷோவையே நாலு மாசம் நிறுத்தி வெச்சாங்க. மின்னுனது பிகாச்சு குடுத்த ஷாக்ல, ஆனா பழி விழுந்தது பாவம் அந்த எபிசோட்ல வந்த பாரிகான்ங்கிற போக்கிமான் தலையில. இன்னைக்கு வரைக்கும் அதை ஒதுக்கியே வெச்சிருக்காங்க.

சீரிஸ்ல ஒவ்வொரு பகுதியும் ஒரு புது இடத்துல நடக்கும், அதுல சின்னோ பகுதியை மட்டும் தவற விடாதீங்க. பால்னு ஒரு ட்ரெய்னர், பலவீனமா இருக்குன்னு சிம்சார்ங்கிற தன்னோட போக்கிமானை தூக்கிப் போட்டுட்டு போவான், ஆஷ் அதை வளத்து கடைசியில லீக்ல அவனுக்கு எதிராவே இறக்குவான், ரொம்ப பொறுமையா கட்டுன கதை. காலோஸ் சண்டைங்க பாக்க செமயா இருக்கும், ஆனா 2016ல லீக் ஃபைனல்ல ஆஷை அலைன்னு ஒரு ட்ரெய்னர் கிட்ட தோக்க வெச்சதுக்கு ரசிகருங்க கொதிச்சுட்டாங்க, நானும்தான். அலோலால மூஞ்சியெல்லாம் மாத்தி வரைஞ்சு ஒரே காமெடியாக்கிட்டாங்கன்னு முதல்ல கடுப்பானேன், அப்புறம் லிட்டன்னு ஒரு பூனை போக்கிமானும் ஸ்டவுட்லாண்ட்னு ஒரு வயசான நாய் போக்கிமானும் வர்ற எபிசோட் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன். அங்கதான் 2019ல ஆஷ் ஒருவழியா ஒரு லீக் ஜெயிச்சான், 2022ல அப்ப சாம்பியனா இருந்த லியோனை தோக்கடிச்சு உலக சாம்பியனும் ஆனான். சந்தோஷம்தான், ஆனா சாரிசார்ட் படுத்துக்கிட்ட அந்த மேட்ச் மனசுல நின்ன அளவுக்கு இது நிக்கல.

2023ல ஆஷை வழியனுப்பிட்டு லிக்கோ, ராய்னு ரெண்டு புது ஹீரோக்களோட புதுசா ஆரம்பிச்சாங்க. மெதுவா போகுது, ஆனா கதை வாரா வாரம் தொடருது, ஃபில்லர் கம்மி, புதுசா பாக்குறவங்க தாராளமா இங்கருந்தே ஆரம்பிக்கலாம். அதுல தொப்பி போட்ட ஒரு கேப்டன் பிகாச்சு வரும், அதுக்கும் குரல் ஆஷோட பிகாச்சுக்குக் குடுத்த அதே இகுவே ஓட்டானிதான், 1997ல இருந்து அவங்களேதான்.